நட்சத்திரங்கள் இருந்தால் போதுமா?

கேள்வி: கால்பந்துப் பயிற்சியாளர் கார்லோ அன்செலோட்டியைப் பெரிய மேதை என்கிறார்கள். ககாவும் ரொனால்டோவும் கையில் இருந்தால் பி.டி. வாத்தியார்கூடக் கோப்பை வாங்கித் தருவாரே! அவருக்கென்று சொந்தமாக ஓர் ஆட்டமுறை உண்டா?

பதில்: நட்சத்திரங்கள் போதும் என்றால் 2024-25-இல் அவர் பயிற்றுவித்த ரியல் மாட்ரிட் எல்லாவற்றையும் ஜெயித்திருக்க வேண்டும். வினீசியஸ், ரொட்ரிகோ, பெல்லிங்ஹாம் போதாதென்று எம்பாப்பேயும் வந்தார். பார்சிலோனாவோடு நான்கு முறை மோதி நான்கிலும் உதை. சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ஆர்செனலிடம் இரண்டு ஆட்டமும் சேர்த்து 5-1. நடுக்கள வீரர் டோனி குரூஸ் ஓய்வு பெற்றதும், பின்னாலிருந்து பந்தை வாங்கி ஆட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஆள் இல்லாமல் போனது. முந்தைய 2023-24 சீசனிலோ முன்கள வீரர் பென்சிமா கிளப்பை விட்டே போயிருந்தார், கோல்கீப்பர் கூர்த்துவாவும் டிஃபென்டர் மிலிட்டாவும் ஆகஸ்ட்டிலேயே முழங்கால் போய்ப் படுத்துவிட்டார்கள். அந்த ஆண்டுதான் லீக்கும் சாம்பியன்ஸ் லீக்கும் கிடைத்தன. அன்செலோட்டி நடுக்கள வீரர் பெல்லிங்ஹாமை இரண்டு ஃபார்வர்டுகளுக்குப் பின்னால் நிறுத்தினார். அவர் லீக்கில் மட்டும் 19 கோல் போட்டார்.

சொந்த ஆட்டமுறை கேட்கிறீர்கள். இருந்தது, அதுதான் தொல்லையே. மிலானில் பயிற்சியாளர் சாக்கியிடம் ஆடி, 1994 உலகக் கோப்பையில் அவருக்கே துணைப் பயிற்சியாளராக இருந்தவர், 1996-இல் பார்மாவுக்குப் போனபோது குருவின் 4-4-2-ஐ (தற்காப்பில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்னால் இருவர்) அப்படியே கொண்டுபோனார். அதில் ஃபார்வர்டுக்குப் பின்னால் சுதந்திரமாகத் திரிபவருக்கு இடமில்லை. அப்படித் திரியும் ஸோலாவை இடது ஓரத்துக்குத் தள்ளினார். அவர் சில மாதங்களில் செல்சீக்குப் போய்விட்டார். 1997-இல் அதே வகை ஆட்டக்காரரான ரொபெர்ட்டோ பாஜ்ஜோ வரத் தயாராக இருந்தும் வேண்டாம் என்றார். பாஜ்ஜோ பொலோன்யாவுக்குப் போய் அந்த சீசனில் 22 லீக் கோல் அடித்தார். பார்மா மோசமாக ஆடவில்லை, அவருடைய முதல் சீசனான 1996-97-இல் யுவென்டஸுக்கு இரண்டே புள்ளி பின்னால் இரண்டாமிடம். ஆனாலும் ஆட்டமுறைக்காக ஆளை இழப்பது நஷ்டம் என்பதை அங்கேதான் கற்றார்.

2001 நவம்பரில் மிலானுக்கு வந்தபின் செய்தது இதற்கு நேர்மாறு. 10-ஆம் எண் ஆட்டக்காரரான, அதாவது ஃபார்வர்டுகளுக்குப் பின்னால் திரிபவரான பிர்லோவைத் தற்காப்புக்கு முன்னால் நிறுத்தினார். (பிரெஷா கிளப்பில் பயிற்சியாளர் மட்ஸோனே இதை முன்பே செய்து பார்த்துவிட்டார், அந்தப் பெருமையில் அவருக்கும் பங்குண்டு.) வலப்பக்கம் ஓடி ஓடிப் பந்தைப் பறிக்க கட்டூசோ, இடப்பக்கம் சீடோர்ஃப், முன்னால் ரூயி கோஸ்டா, பிறகு ககா. வைர வடிவம். இதற்கு ஒரு விலை உண்டு: விங் ஆட்டக்காரரே கிடையாது, அகலம் முழுக்க ஃபுல்பேக்குகளின் (ஓரத் தற்காப்பு வீரர்களின்) கால்களில். எதிரணி நடுவில் ஓர் ஆளைக் கூட்டினால் நெரிசல். 2005 சாம்பியன்ஸ் லீக் இஸ்தான்புல் இறுதியில், லிவர்பூலுக்கு எதிராக இடைவேளையின்போது மிலான் 3-0 முன்னிலை. லிவர்பூல் பின்வரிசையை மூவராக்கி, ககாவைக் கவனிக்க நடுக்கள வீரர் ஹாமனை இறக்கியது. 54-ஆம் நிமிடத்திலிருந்து 60-க்குள் மூன்று கோல், பிறகு பெனால்டியில் தோல்வி.

ரியல் மாட்ரிட்டில் 2013-இல் விங் ஆட்டக்காரர் பேல் வந்ததும் டி மரியாவின் விங் பறிபோனது. விற்றுவிடுவார்கள் என்றே பேச்சு. அன்செலோட்டி அவரை மூவர் நடுக்களத்தில் இடதுபுறம் இறக்கினார். 2014 சாம்பியன்ஸ் லீக் லிஸ்பன் இறுதியில், 93-ஆம் நிமிடத்தில் ராமோஸ் தலையால் முட்டிச் சமன் செய்தபின், கூடுதல் நேரத்தில் பேல் அடித்த கோலுக்கு வழி திறந்தது டி மரியாவின் ஓட்டம்தான்.

இந்த இடமாற்ற வித்தை ஏட்டில் படித்ததல்ல. வீரராகப் பார்மாவில் முன்களத்தை ஒட்டி ஆடத் தொடங்கியவர் ரோமாவில் நடுக்களத்துக்கு வந்தார். முழங்கால் காயத்தால் 1982 உலகக் கோப்பை போயிற்று. மிலானில் வேகத்தை நம்பாமல், நிற்கும் இடத்தை நம்பி ஆடினார். 1989, 1990 ஐரோப்பியக் கோப்பைகள் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) அப்படி வந்தவை.

பயிற்சியாளராக ஐந்து சாம்பியன்ஸ் லீக், ஐரோப்பாவின் ஐந்து பெரிய கால்பந்து நாடுகளிலும் லீக் பட்டம். இரண்டும் வேறு யாருக்கும் இல்லை. குறை சொல்லியே தீர வேண்டுமென்றால் வேறு பக்கம் பாருங்கள்: அத்தனை பேரை வைத்துக்கொண்டும் மிலானில் சுமார் எட்டு ஆண்டுகளில் லீக் பட்டம் ஒன்றே ஒன்று, 2004-இல். கோப்பை இறுதிகள் வரும் மே மாதத்தில் செலுத்தும் கவனம், லீக் தொடக்கமான அக்டோபரில் அவருக்கு அங்கே இருந்ததில்லை.