புளியம்பழமும் 2பி பென்சிலும்

கேள்வி: எனக்கு 52 வயது. நேராக ஒரு கோடுகூட வராது. படம் வரைய ஆசை. எதிலிருந்து தொடங்கலாம் ஐயா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: நேர்கோடு எதற்கு ஆச்சி? கொல்லையில் விழுந்த புளியம்பழம் ஒன்றை எடுங்கள், அதில் நேர்கோடே கிடையாது. வளவில் தூணோரம், வெளிச்சம் ஒரு பக்கமாக விழும் இடத்தில் வெள்ளைத் துண்டு விரித்து வையுங்கள். தாளைப் பார்க்காமல், பழத்தின் விளிம்பில் எறும்பு ஊர்வதுபோல் கண்ணை மெதுவாக ஓட்டுங்கள். பென்சிலும் கூடவே நகரட்டும். கன்னாபின்னாவென்றுதான் வரும். நான் முதலில் வரைந்ததைப் பார்த்து, "கம்பளிப்பூச்சியா?" என்று கேட்டார்கள் வீட்டில்! பத்து தடவை வரைந்தால் கை கண்ணுக்குப் பணியும்.

அப்புறம் நிழல். ஒரு 2பி பென்சில் போதும், அது சாதாரணப் பென்சிலைவிடச் சற்று மென்மையாக, கருப்பாக எழுதும். கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள்: பழம் துணியைத் தொடும் இடம்தான் மிகக் கருப்பு. அங்கே மட்டும் நன்றாக அழுத்தினால், மிதந்துகொண்டிருந்த பழம் சட்டென்று உட்கார்ந்துவிடும். விரலால் தேய்க்காதீர்கள், எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். ரப்பரைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து வேப்பிலை, கொட்டாங்குச்சி. முருங்கைக் கொத்து மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அதில் நானே இன்னும் தடுமாறுகிறேன்.