ரெடிமேட் சர்வரா, நாமே கோக்கலாமா?

கேள்வி: வீட்ல நாலஞ்சு விர்ச்சுவல் மெஷின் (ஒரே கம்ப்யூட்டருக்குள்ள தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி ஓடுறது) ஓட்டணும் சார். பழைய ரேக் சர்வர் (அலமாரி மாதிரி சட்டத்துல அடுக்குற சர்வர்) ஒண்ணு மலிவா வருது. வாங்கிடவா, இல்ல பார்ட்ஸ் வாங்கி நானே அசெம்பிள் பண்ணவா?

பதில்: மலிவெல்லாம் வாங்குற அன்னிக்கு மட்டும்தாங்க. ரெண்டு பிராசஸர் போட்ட பழைய சர்வர் சும்மா கிடக்கும்போதே 100 வாட்டுக்கு மேல இழுக்குறது சகஜம், வருஷத்துக்கு 8,760 மணி நேரம், பெருக்கிப் பாருங்க, 876 யூனிட். சத்தம் வேற! ஒல்லியான 1யு (ரேக்ல ஒரே அடுக்கு உயரம்) பெட்டிக்குள்ள 40 மில்லிமீட்டர் குட்டி ஃபேனுங்க கத்துற கத்துல நான் ரெண்டே நாள்ல தூக்கி ஓரமா வெச்சுட்டேன். ஆனா ஒண்ணு, இந்த மாதிரி சர்வரை ஓஎஸ் செத்துக் கிடந்தாலும் தூரத்துல இருந்தே ஆன் ஆஃப் பண்ணலாம், அந்த வசதி சாதாரண போர்டுல வராது.

உங்களுக்கு அசெம்பிள்தான் சரி. பிராசஸருக்கு ரொம்ப செலவழிக்காதீங்க, முதல்ல தீர்றது ராம்தான், 32 ஜிபில ஆரம்பிச்சு ரெண்டு ஸ்லாட்டை காலியா விடுங்க. ஈசிசி ராம் (சின்னப் பிழைகளைத் தானே திருத்திக்கிற ராம்) வேணும்னா பிராசஸர், போர்டு ரெண்டுமே சப்போர்ட் பண்ணணும். அப்புறம் பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங்ஸ்ல) விர்ச்சுவலைசேஷன் ஆன்ல இருக்கான்னு பார்த்துட்டு, விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுற சாஃப்ட்வேரான ப்ராக்ஸ்மாக்ஸ் போடுங்க, இது தெரியாம ஒரு ராத்திரி பூரா முழிச்சவன் நான்.