தென்கிழக்கு ஆரிகனில் சில ஆறுகள் ஏன் கடலுக்குப் போவதில்லை?

எரிமலைக் குழம்பு வழியை அடைத்துவிட்டது. சுருக்கமான பதில் இதுதான். அந்தப் பக்கம் காரில் சுற்றியிருப்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கிறது ஹார்னி கவுண்டி. சுமார் 26,000 சதுர கிலோமீட்டர். மக்கள் 8,000 பேர்கூட இல்லை. மாடுகள்தான் அதிகம். தெற்கே ஸ்டீன்ஸ் மலை, 2,967 மீட்டர். ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அடுக்கடுக்காக வழிந்து உறைந்த பசால்ட் பாறை, பிற்பாடு நிலப்பிளவில் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. கிழக்கே ஆல்வர்ட் பாலைவனத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. மேற்கே மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவில் உருகும் பனிதான் டானர் உண்ட் பிளிட்சன் ஆறாகி வடக்கே மல்ஹூர் ஏரிக்கு வருகிறது. எதிர்த் திசையிலிருந்து சில்வீஸ் ஆறு. இரண்டுக்கும் அதோடு சரி. ஏரி நிரம்பினால் பக்கத்து ஹார்னி ஏரிக்கு வழியும். அங்கே வெயில் குடித்தது போக உப்புதான் மிச்சம்.

முன்பு இந்தத் தண்ணீர் கிழக்கே மல்ஹூர் ஆறு, ஸ்நேக், கொலம்பியா வழியாகப் பசிபிக் வரை போயிருக்கிறது. ஒரு லாவா ஓட்டம் தண்ணீர் வெளியேறும் அந்த வாயிலில் வந்து உறைந்தது. நேரில் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்: சேஜ் புதர்களுக்கு நடுவே தாழ்வான கறுப்புப் பாறை, அவ்வளவுதான். ஆனால் படுகையே தட்டை, ஏரியின் ஆழம் சாதாரண வருடத்தில் மார்பளவு தேறினால் அதிகம். இங்கே சில மீட்டர் பாறையே அணைதான். 1980-களின் நடுவில் பனி கொட்டித் தீர்த்தபோது ஏரி பரந்து பண்ணைகளையும் சாலைகளையும் ரயில் பாதையையும் மூழ்கடித்தது. அப்போதும் அந்தப் பாறையைத் தாண்டவில்லை.

பண்ணைக்காரர்களுக்கு இந்த அடைப்பு ஒருவகையில் வரம். வெளியேறாத தண்ணீர் பரவி நிற்கும் புல்வெளியில்தான் மாடுகளுக்கு உலர்த்தி வைக்கும் தீவனப் புல் விளைகிறது. 1872-இல் கலிபோர்னியாவிலிருந்து மாடுகளை ஓட்டிவந்த பீட்டர் பிரெஞ்ச் அதை நம்பித்தான் பெரும் பண்ணை கட்டினார். 1897-இல் நிலத் தகராறில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

எரிமலையைக் கிட்டத்தில் பார்க்க டைமண்ட் கிரேட்டர்ஸ் போங்கள். உள்ளிருந்து உப்பி மேடான லாவா, நீளமாகப் பிளந்த தரை, சிவந்த கசடுக் கூம்பு என எல்லாம் ஒரே வட்டாரத்தில். எனக்குப் பிடித்தது மல்ஹூர் மார். கொதிக்கும் குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு, நீராவி வெடித்துப் பறித்த பள்ளம். அடியில் இன்றும் சின்னக் குளமும் நாணலும் உண்டு. கோடையில் போங்கள், ஸ்டீன்ஸ் மலைச்சாலை உச்சிவரை அப்போதுதான் திறந்திருக்கும். பர்ன்ஸ் ஊரிலேயே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள்.