அனலாக் சிப்புல பாதுகாக்க என்ன இருக்கு? – கடிதம்

வணக்கம் அண்ணா. நான் நாகர்கோவில்ல இசிஇ மூணாம் வருஷம். அப்பா தேங்காய்ப்பட்டணத்துல இருந்து விசைப்படகுல தங்கல் போறவரு. படகு விஎச்எஃப் ரேடியோ செட்ட ரிப்பேருக்கு கொடுத்து ஐசி (சிப்) மாத்துனதுல இருந்து கிட்டத்துல நல்லா கேக்குது, தூரம் போனா விட்டு விட்டு வருது. ஐசி டூப்ளிகேட்டா இருக்கும்னு வேறொரு மெக்கானிக் சொல்றாரு. ஹார்ட்வேர் செக்யூரிட்டின்னு தேடுனா எல்லாம் பிராசஸர், ரகசியமா பூட்டி அனுப்புற க்ரிப்டோ சிப்தான் வருது. ரேடியோ சிக்னல் மாதிரி தொடர்ச்சியா மாறுறத கையாளுற, கொஞ்சூண்டு டிரான்சிஸ்டர் உள்ள அனலாக் சிப்புல பாதுகாக்க என்ன இருக்கு?
ஒரு வாசகர்

தம்பி,

கொஞ்சூண்டு டிரான்சிஸ்டர் இருக்கதுதான் பிரச்சனையே. பிராசஸர காப்பி அடிக்கது பெரும்பாடு, ஆனா ஒரு ஆம்ப்ளிஃபயர் சிப்ப ஆசிட்ல திறந்து லேயர் லேயரா உரிச்சு மைக்ராஸ்கோப்புல படம் எடுத்தா ஒவ்வொரு டிரான்சிஸ்டரோட அகலமும் நீளமும் தெரிஞ்சுரும், டிசைனரோட உழைப்பெல்லாம் அந்த அளவுலதான் இருக்கு. 2011ல ரிப்போர்ட் ஆன போலி சிப் கேஸ்கள ஐஎச்எஸ்ங்கிற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்தப்போ முதலிடம் அனலாக் ஐசிக்குதான், 25.2 சதவீதம். பிராசஸர் 13.4.

காப்பிய விட எனக்கு ஆத்திரம் வரது பழைய சரக்கு மேல. ஈ-வேஸ்ட் போர்ட சூடாக்கி சிப்ப உருவி, எழுத்த உரசி எடுத்து, கருப்பு பூச்சு அடிச்சு புது நம்பர் போட்டு விக்காங்க. லென்ஸ் வச்சு பாரு. ஒண்ணாம் நம்பர் கால் (பின்) பக்கத்து சின்ன குழி பாதி மூடியிருக்கா, மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே சொரசொரப்பா, கால்ல பழைய ஈயம் ஒட்டியிருக்கா. பஞ்சுல அசிட்டோன் தொட்டு தேச்சா சிலது கருப்பு விடும், விடலன்னா ஒரிஜினல்னு முடிவு கட்டிராத.

இந்த மாதிரி சிப் ஒரேயடியா செத்துப்போறதில்ல, அதுதான் ஆபத்து. டிஜிட்டல்ல கோளாறுன்னா விடை தப்பா வரும். அனலாக்ல கம்பெனி தர்ற டேட்டாஷீட்டே ஒவ்வொரு அளவும் இதுல இருந்து இது வரைக்கும்னுதான் சொல்லும், நாய்ஸ் (இரைச்சல்) கொஞ்சம் கூடும், கெயின் (சிக்னல பெருக்குற அளவு) கொஞ்சம் குறையும், மேசை மேல வச்சு பேசுனா ஒண்ணும் தெரியாது, கரை மறைஞ்ச பெறவுதான் தெரியும். 2017ல ஒக்கி புயல பாத்த நம்ம கடற்கரைக்கு இது சின்ன விஷயமா?

டிரோஜன், அதாவது சிப்புக்குள்ள திருட்டுத்தனமா சேக்குற சர்க்யூட், ஒளியதும் டேட்டாஷீட் விட்டு வைக்கிற அதே இடைவெளியிலதான். யியர் ஜின்னும் யானிஸ் மக்ரிஸும் 2010ல வெளியான ஆய்வுல இத காட்டுனாங்க: ஒரு வயர்லெஸ் க்ரிப்டோ சிப் அனுப்புற சிக்னலோட வீச்ச துளி கூட்டிக் குறைச்சு ரகசிய கீய பிட் பிட்டா கசிய விடலாம், ஆனா எல்லா அளவும் லிமிட்டுக்குள்ளயே நிக்கும், வழக்கமான டெஸ்ட் எல்லாம் பாஸ். நிறைய சிப்ப அளந்து புள்ளியியல் போட்டு ஒப்பிட்டாதான் மாட்டும்.

காப்பிய தடுக்க, சிப் சரியா ஓட உள்ளுக்குள்ள வேண்டிய பயஸ் கரண்ட கீ வச்சு பூட்டுற டிசைனும் வந்திருக்கு, எனக்கு அதுல முழு நம்பிக்கை இல்ல. திருடனுக்கு கீயே வேண்டாம், சரியான கரண்ட் எவ்வளவுன்னு சிமுலேஷன்ல கண்டுபிடிச்சு நேரா கொடுத்தா போச்சு. ஆர்எஃப் ரிசீவர்ல சரிக்கட்டுறதுக்கு ஏற்கெனவே உள்ள டியூனிங் பிட்டையே கீயா ஆக்குறதுதான் மேல், சிப்புக்கு சிப் அது மாறும், தனியா கழட்டி எறியவும் எதுவும் இல்ல.

அப்பா செட்டுக்கு, முதல்ல ஆண்டெனா கனெக்டர பாரு, உப்புக்காத்துல பச்சை பிடிச்சிருந்தா ஐசிய குறை சொல்லி பிரயோஜனம் இல்ல. பெறவு ஆண்டெனாவுக்கு பதிலா டம்மி லோட் (பவர வாங்கிக்கிற ரெசிஸ்டர்) மாட்டி வாட் மீட்டர்ல பாரு, ஹைல 25 வாட், லோல 1 வாட் பக்கம் வரணும். லோடும் இல்லாம ஆண்டெனாவும் இல்லாம பிடிடிய (பேசும்போது அழுத்துற பட்டன) அழுத்தாத. அது சரியா இருந்தா ரிசீவர் பக்கம் சந்தேகப்படு. காலேஜ் லேப்ல சிக்னல் ஜெனரேட்டர் இருக்கும்லா, 156.8 மெகாஹெர்ட்ஸ், பதினாறாம் சேனல், எஃப்எம் மாடுலேஷனோட கொடுத்து லெவல குறைச்சுட்டே வா, எந்த டிபிஎம்ல (சிக்னல் பவரோட அளவு) சத்தம் இரைச்சலுக்குள்ள முங்குதுன்னு குறிச்சு வை. அதே மாடல்ல நல்லா வேலை செய்ற செட் ஒண்ண பக்கத்து படகுல கேட்டு வாங்கி அதையும் அளந்து, ரெண்டு ரீடிங்கையும் எனக்கு அனுப்பு.