பாலிஹவுஸ் ஜெர்பெராவுக்கு உயிர் உரம்: ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: ஓசூர் பக்கம் 25 சென்ட் பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் கூரைக் குடில்) ஜெர்பெரா பூச்செடி போட்டிருக்கிறேன். "உரச் செலவு பாதியாகும், பூ கூடும்" என்று உரக்கடையில் திரவ அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற இரண்டு பாக்டீரியா உயிர் உரங்களைக் கொடுத்தார்கள். இரண்டு மாதமாகச் சொட்டுநீரில் விடுகிறேன். பூ கூடவே இல்லை. போலிச் சரக்கா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: போலி என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். முதலில் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். நுண்ணுயிரின் பெயர், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உயிரோடுள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி திரவத்தில் மில்லிக்கு 10 கோடி, பொடியில் கிராமுக்கு 5 கோடியாவது இருக்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் பாட்டில் மாதக்கணக்கில் வெயில் படும் அலமாரியில் நின்றிருந்தால், உள்ளே இருப்பது வெறும் பழுப்புத் தண்ணீர்தான்.

சரக்கு நல்லதே என்றாலும் உங்கள் குடிலில் அதற்கு வேலை குறைவு. மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்)க் கரைத்துக் கொடுப்பதுதான் பாஸ்போபாக்டீரியாவின் பிழைப்பு. நீங்களோ, பெரும்பாலான பாலிஹவுஸ்காரர்களைப் போல, மணிச்சத்து மிகுந்த 12:61:0 உரத்தைத் தண்ணீரில் கரைத்தே ஊட்டிக்கொண்டிருப்பீர்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைத்தால் அசோஸ்பைரில்லமும் காற்றிலிருந்து அதைப் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். வேர் வளர்ச்சிக்குக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். அதனால் உரம் பாதியாகும் என்று கடைக்காரர் சொன்னதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்று, சொட்டுநீர்க் குழாயைக் குளோரின், அமிலம் விட்டுக் கழுவிய கையோடு பாட்டிலைக் கவிழ்த்தீர்களா? அல்லது வேரழுகலுக்குத் தாமிரப் பூசணக்கொல்லி ஊற்றியிருந்தீர்களா? அப்படியென்றால் காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவை நீங்களே கொன்றிருக்கிறீர்கள்.

உயிர் உரம் உண்மையில் கைகொடுப்பது புதுப் பாத்தி போடும்போது. ஜெர்பெரா பாத்தியைப் பார்மலின் என்ற கிருமிக்கொல்லி ஊற்றி மூடிவைத்தால் கெட்டதோடு நல்ல நுண்ணுயிரும் செத்துப்போகும். நெடி முழுக்கப் போகும்வரை நீர் பாய்ச்சி ஆறவிட்டு, உயிர் உரத்தை மக்கிய தொழுவுரத்தில் கலந்து போடுங்கள். அந்த வெற்றிடத்தில் அவை வேரூன்ற வாய்ப்பு அதிகம்.

அப்புறம் பணம். பூ கூடவில்லை என்பதை மட்டும் வைத்து வாங்க முடியாது. லேபிளில் குறையோ காலாவதிச் சரக்கோ என்றால் பில்லோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். உர ஆய்வாளர் கடையிலிருந்து மாதிரி எடுக்கலாம். நீங்கள் திறந்த பாட்டில் சோதனைக்கு உதவாது. நுகர்வோர் உதவி எண் 1915. விற்பதற்காகத்தானே பூ வளர்க்கிறீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று யாராவது வாதாடினால் அஞ்ச வேண்டாம். விதை வழக்கொன்றில் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பில் வாங்கவில்லை என்றால் மட்டும் கஷ்டம்.

அடுத்த முறை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பாருங்கள், விலையும் குறைவு. எங்கே வாங்கினாலும் முதலில் நான்கு பாத்திக்கு மட்டும் விட்டு, பக்கத்து நான்கைச் சும்மா விடுங்கள். பறிக்கும்போதே பாத்திவாரியாக எண்ணிக்கையும் தண்டு நீளமும் எழுதுங்கள். சாயங்காலம் ஞாபகத்திலிருந்து எழுதினால், காசு கொடுத்த பாத்தியில்தான் பூ கூடுதலாகத் தெரியும்.