இரவில் மூச்சுத் திணறும் குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது?

தென்னாப்பிரிக்காவின் லெனேசியாவிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஏழு வயது மகனுக்கு மூளை முடக்குவாதம், தானாகப் புரண்டு படுக்க முடியாது, இரவெல்லாம் தொண்டை களகளவென்கிறது. தலையணையை உயர்த்தி வைத்தால் சரியாகுமா என்பது அவர் கேள்வி.

உயர்த்தாதீர்கள், அம்மா. அந்தத் தவற்றை நான் ஒரு வருடம் செய்தேன்.

டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கோயிலில் நாதசுரம் வாசிக்கிறேன். மூச்சை வைத்துத்தான் என் பிழைப்பு. ஆனாலும் இதே நிலையிலுள்ள சொந்த மகளுக்கு மூச்சு எங்கே அடைபடுகிறது என்று எனக்குப் புலப்படவில்லை. சளி என்றே நினைத்தோம். பக்கத்து வீட்டு ஆயா (இங்கே பாட்டியை அப்படித்தான் அழைக்கிறார்கள்) தந்த கற்பூரத் தைலத்தை நெஞ்சில் தேய்த்து, தலைக்கு இரண்டு தலையணை கொடுத்தோம். வலிப்பு வரும் குழந்தைக்குக் கற்பூரம் ஆகாது, வலிப்பைத் தூண்டிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆயாவைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரிலும் அதைத்தான் தேய்த்திருப்பார்கள்.

அரசு மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட் மகளைப் பாயில் கிடத்தி, வீட்டில் வைப்பதுபோலவே தலையணைகளை வைக்கச் சொன்னார். பிறகு அவற்றை உருவிவிட்டு, நான்காக மடித்த ஒரு துண்டை மட்டும் தலைக்கடியில் வைத்தார். சத்தம் பாதியாகக் குறைந்தது. தலையணை தலையை மட்டும் தூக்குவதால் மோவாய் நெஞ்சில் போய் இடிக்கிறது, காற்றுப்பாதை ஒடுங்கிவிடுகிறது. மல்லாந்து கிடந்தால் தளர்ந்த நாக்கு பின்னால் சரிகிறது. விழுங்க முடியாத எச்சில் தொண்டையில் தேங்குகிறது. நாதசுரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியில் எச்சில் இறங்கினால் எனக்கு என்ன சத்தம் வருமோ அதே சத்தம்தான் அவளிடமும் வந்துகொண்டிருந்தது.

இப்போது ஒருக்களித்துப் படுக்க வைக்கிறோம். எச்சில் வாயோரமாக வழிந்து துண்டில் இறங்கிவிடுகிறது. முதுகுக்குப் பின்னால், தோளிலிருந்து இடுப்பு வரை, இறுக்கிச் சுருட்டிய போர்வை. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, மேல் கை தொங்கி நெஞ்சை அழுத்தாதபடி அணைத்துக்கொள்ள இன்னொன்று. தலைக்கு, கழுத்து முதுகெலும்போடு நேராக நிற்கும் உயரத்துக்குத் துண்டு, அவ்வளவுதான். கீழ்த்தோளின் மேல் முழு எடையும் ஏறாமல் அதைச் சற்று முன்னால் இழுத்துவிட வேண்டும். இதை யாரும் முதலில் சொல்வதில்லை. முகத்தருகே மெத்தென்ற பொருள் எதுவும் கூடாது. தலையைத் திருப்ப முடியாத குழந்தைக்கு ஒரு பொம்மைகூட ஆபத்து. குப்புறப் படுக்க வைப்பதையும் மருத்துவர் சொல்லாமல், கண்காணிப்பு இல்லாமல் செய்யாதீர்கள்.

எந்தப் பக்கம் என்பதற்குப் பொது விதி கிடையாது. பெரியவர்களுக்குக் கீழ்ப்பக்க நுரையீரலில் அதிகக் காற்றுப் போகும். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மேல்பக்கத்தில். முதுகெலும்பு வளைந்திருந்தால் அந்தக் கணக்கும் மாறும். எங்கள் மகளுக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, பக்கத்துக்கு அரை மணி நேரம் பார்த்தார்கள். இடப்பக்கம் 92, வலப்பக்கம் 96. அன்றிலிருந்து வலப்பக்கம்தான் அதிகம். ஆனால் இரவு முழுவதும் ஒரே பக்கமாக விடுவதில்லை, தோல் புண்ணாகிவிடும். டர்பன் கோடையின் புழுக்கத்தில் ஸ்பாஞ்சு மெத்தையின் மேல் வியர்வை தேங்குவது தனிக் கதை.

உணவு எதுக்களித்து வருமானால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துக் கட்டிலையே சாய்க்கலாம். எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள். சாப்பிட்டவுடன் படுக்க வைக்க வேண்டாம்.

விலையுயர்ந்த படுக்கை அமைப்புகளைப் பற்றியும் கேட்பீர்கள். அவை பெரும்பாலும் இடுப்பும் முதுகும் கோணாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வந்தவை. 2015இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசுவது) தேடிப் பார்த்தபோது, இடுப்பு மூட்டு விலகுவதைத் தடுக்கும் என்பதற்குத் தகுந்த சோதனை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தூக்கம், வலி குறித்து இருந்தவை மிகச் சிறிய இரண்டு ஆய்வுகள், அவற்றிலும் வித்தியாசம் தெரியவில்லை. எனவே யாராவது பட்டைகளால் கட்டி நேராக்கினால், மூச்சு எப்படியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். உடல் நேராகி மூச்சு இறுகுமானால் அந்த நேர்த்தி எனக்கு வேண்டாம்.

இன்னொன்று. வலிப்புக்கோ தசை இறுக்கத்துக்கோ தரும் மருந்துகளில் சில எச்சிலைப் பெருக்கும், மூச்சையும் மந்தப்படுத்தும். தொண்டைச் சதை (டான்சில்) வீங்கியிருந்தாலும் இதே குறட்டைதான். படுக்கையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் இவை தப்பிவிடும். மூச்சு நின்று நின்று வந்தாலோ, விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்படி இல்லையென்றால் இன்று இரவே மகனின் சட்டையை மேலே சுருட்டி, வயிறும் விலாவும் தெரியும்படி கைப்பேசியில் இரண்டு நிமிடம் படம் பிடியுங்கள். மல்லாந்த நிலையில் ஒன்று, ஒருக்களித்த நிலையில் ஒன்று. மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள். முதல் தடவை நான் எடுத்ததில் விசிறிச் சத்தம்தான் கேட்டது, மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார்.