'எல்' முத்திரை ரூபாய்: முன்பணம் கட்டாதீர்கள்

கேள்வி: மாமனாரின் டிரங்குப் பெட்டியில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1944, 1945-ஆம் ஆண்டு ரூபாய்கள் நாற்பது கிடைத்தன. சிலவற்றில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது. அது அமெரிக்கா போரில் கடன் கொடுத்த வெள்ளிக்கான அடையாளம், ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் போகும், பதிவுக்கு 8,000 ரூபாய் கட்டுங்கள் என்கிறார் ஒரு தரகர். திருப்பித் தர வேண்டிய வெள்ளி என்பதால் வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்றும் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: பணம் கட்டாதீர்கள் அம்மா. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அழைத்தால், எடுக்கவும் வேண்டாம்.

'எல்' என்பது லாகூர் நாணயச்சாலையின் குறி. கடனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கடன் கதை மட்டும் உண்மை. அதனால்தான் இந்த ஏமாற்று எடுபடுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மக்கள் நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாயைப் பதுக்கினார்கள். 1940-லேயே அரசு ரூபாயில் இருந்த வெள்ளியைப் பன்னிரண்டில் பதினொரு பங்கிலிருந்து சரிபாதியாகக் குறைத்தது. அப்படியும் சில்லறை போதவில்லை. இந்தியாவோ அப்போது நேச நாட்டுப் படைகளுக்குத் தளம்; இங்கே பணப்புழக்கம் முடங்கினால் அமெரிக்காவுக்கும் நஷ்டம். ஆகவே நேச நாடுகளுக்குப் போர்க்காலப் பொருட்களைக் கொடுத்துதவிய கடன்-குத்தகைத் திட்டத்தின் கீழ், தன் கருவூலத்தில் குவிந்து கிடந்த வெள்ளியிலிருந்து சுமார் 22 கோடியே 60 லட்சம் அவுன்ஸை அது அனுப்பியது. நிபந்தனை எளிது: வாங்கிய எடைக்கு எடை, போர் முடிந்தபின் வெள்ளியாகவே திருப்ப வேண்டும். சவூதி அரேபியாவின் ரியாலுக்கும் இப்படித்தான் வெள்ளி போனது.

அந்தக் கடன் இரு அரசுகளுக்கு இடையிலானது. பழைய ரூபாய்களைத் திரும்பப் பெற்று உருக்கி, கொல்கத்தா அலிப்பூரில் வெள்ளியைப் பிரித்தெடுத்து, 1957-ல் இந்தியா கணக்கை முடித்துவிட்டது. உங்கள் பெட்டியில் இருப்பது உங்கள் குடும்பத்தின் சொத்து. அதில் யாருக்கும் பாக்கி இல்லை. வைத்திருப்பது குற்றமும் இல்லை.

இன்னொன்று. வந்த வெள்ளி உலையில் மற்ற வெள்ளியோடு கலந்தது. உங்கள் கையிலிருக்கும் ரூபாயில் அமெரிக்க வெள்ளி இருக்கிறதா என்பதை எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. சொல்பவர் பொய் சொல்கிறார்.

அப்படியானால் மதிப்பு என்ன? ஒரு ரூபாயின் எடை ஒரு தோலா, 11.66 கிராம். பாதி வெள்ளி, 5.83 கிராம். நாற்பதுக்கும் சேர்த்து சுமார் 233 கிராம். விற்கும் நாளில் ஒரு கிராம் வெள்ளி என்ன விலையோ, அதால் பெருக்கிக்கொள்ளுங்கள். சேகரிப்பாளர் கொஞ்சம் கூடுதலாகத் தரலாம், லட்சங்கள் கிடையாது.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும்: 1939-ஆம் ஆண்டு ரூபாய். பழைய தரத்தில் அடித்தவை பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டதால் அது மெய்யாகவே அரிது. அரிது என்பதாலேயே போலிகள் குவிந்துவிட்டன. ஆண்டின் கடைசி இலக்கத்தைச் செதுக்கி ஒன்பதாக்குகிறார்கள், வார்ப்பிலும் ஊற்றுகிறார்கள். லென்ஸ் வைத்து அந்த ஒன்பதைப் பாருங்கள். பிறகு விளிம்பு: அசலில் நேர்க்கோட்டுப் பற்கள் மட்டும் இருக்கும், போர்க்கால ரூபாயில் கள்ள நாணயத்தைத் தடுக்க விளிம்பின் நடுவே ஒரு பள்ளவரி ஓடும். எடையையும் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தாலும், நேரில் இருவரிடம் காட்டாமல் வாங்கவோ விற்கவோ கூடாது. உங்கள் நாற்பதும் 1944, 1945 என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் 1939 இல்லை. அதே தரகர் நாளை அதை உங்களிடம் விற்க வருவார் என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயங்களுக்குக் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021-லேயே எச்சரித்தது. அறிக்கை விட்டதோடு கடமை முடிந்ததா? பெட்டியைத் திறக்கும் ஒரு சாதாரணக் குடும்பம் நம்பிக்கையோடு போய்க் காட்ட மாவட்டத்துக்கு ஓர் இடமாவது வேண்டாமா? அது இல்லாத இடத்தில்தான் தரகர் கடை விரிக்கிறார்.

நாணயங்களைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் சேகரிப்பாளர் விலை போய்விடும். பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். ஏற்கெனவே ஏதாவது பணம் அனுப்பியிருந்தால், வீட்டில் சொல்லத் தயங்கி நாளைக் கடத்தாமல், இன்றே இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.